தொண்டையில் சிக்கிய துண்டும் நாக்கடியில் விட்ட எண்ணெயும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எக்ஸ்ரே திரையில் மாத்திரை நின்றுவிட்டது. 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேரியம் மாத்திரை அது. உணவுக்குழாய் எங்கே, எவ்வளவு குறுகியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே கொடுப்பது. தண்ணீரோடு விழுங்கினால் சில நொடிகளில் இரைப்பைக்குள் போய்விட வேண்டும். இவருக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாக அசையாமல் நின்றது. இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தோம். தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து இறங்கியது, மாத்திரை இறங்கவில்லை.

"எங்கேயாவது அடைக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே டாக்டர், போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார்.

இந்தப் பதிலைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒருவரின் கோப்பு அல்ல. இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் என்ற உணவுக்குழாய் அழற்சி நோயில் திரும்பத் திரும்பப் பார்க்கும் போக்குகளைக் கோத்து, பாடத்துக்காக அமைத்த நிகழ்வு. நோயாளியின் எண்கள் நடைமுறையில் வருகிற அளவுக்குள் வைத்தவை. ஆய்வுகள் என்று சொல்லும் இடங்களில் வருபவை வெளியான ஆய்வுகளின் எண்கள்.

முதல் வருகை

வயது 31. ஓர் இரவு இறைச்சித் துண்டு ஒன்று இறங்காமல் மாட்டிக்கொள்ள, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே அவசரப் பிரிவுக்கு வந்தார். எண்டோஸ்கோபியில் துண்டை எடுத்த பிறகு குழாயின் நிலை தெரிந்தது. அடுக்கடுக்காக வளையங்கள், நீளவாக்கில் ஏர் உழுத சால் போன்ற கோடுகள், அங்கங்கே வெண்புள்ளிகள். இந்த வெண்புள்ளிகளைப் பார்த்ததும் பூஞ்சைத் தொற்று என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த நோயில் அவை, ஒவ்வாமையில் ஈடுபடும் வெள்ளணுக்களான இயோசினோஃபில் செல்கள் மேற்பரப்பில் குவிந்த இடங்கள்.

மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டிலிருந்தும் சேர்த்து ஆறு துண்டுகள் பயாப்ஸிக்கு எடுத்தோம். நோய் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே இடத்தில் கிள்ளினால் தப்பிவிடும். நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றில் அதிகபட்சம் 68 இயோசினோஃபில்கள் இருந்தன. ஆரோக்கியமான உணவுக்குழாயின் மேல்தோலில் இந்தச் செல்லே இருக்கக்கூடாது. 15 இருந்தாலே, வேறு காரணம் இல்லை என்றால், இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் என்று பெயர் வைத்துவிடலாம். சதுர மில்லிமீட்டர் கணக்கில் அது சுமார் 60.

சிறுவயதில் ஆஸ்துமா, இன்றும் தும்மல், மூக்கொழுகல். இது எதிர்பார்த்ததுதான். கூட வந்த மனைவி சொன்னதுதான் முக்கியம்: "எல்லாரும் சாப்பிட்டு எழுந்தாச்சு, இவர் இன்னும் பாதித் தட்டுல இருப்பார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி. மாத்திரையை உடைச்சுத்தான் போடுவார்." அவரிடம் கேட்டால், "நான் எப்பவுமே மெதுவாத்தான் சாப்பிடுவேன்" என்று சிரித்தார். பத்து வருடப் பழக்கம் என்று கணக்குப் போட்டோம். குழாய் குறுகக் குறுக மனிதர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மெல்லுவதில், குடிப்பதில், தவிர்ப்பதில் ஒளிந்திருக்கும் இந்த அறிகுறிகளைக் கேட்டால்தான் சொல்வார்கள். "விழுங்கச் சிரமமா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும்.

நோய்க்கு வயது அதிகமில்லை. அமிலம் மேலேறி வருவதால் உண்டாகும் புண்ணிலிருந்து வேறான தனி நோய் என்று 1993-இல் ஆட்வுட் குழுவும் 1994-இல் ஸ்ட்ராமன் குழுவும் எழுதினார்கள். 1995-இல் கெல்லி குழு, குழந்தைகளுக்குப் புரதமே இல்லாத, அமினோ அமிலங்களால் ஆன உணவைக் கொடுத்ததும் திசு சரியாவதைக் காட்டியது. உணவுதான் தூண்டுகிறது என்பது அங்கே உறுதியானது. நிலக்கடலை தின்ற அடுத்த நிமிடம் உதடு வீங்கும் வகை ஒவ்வாமை அல்ல இது. அதற்கு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் காரணம்; இங்கே வேலை நடப்பது பெரும்பாலும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் வழியாக, நாட்கணக்கில், மெதுவாக. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை இங்கே அவ்வளவாக உதவாததற்கும் இதுதான் காரணம்.

முதலில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், 40 மி.கி., தினம் இருவேளை, எட்டு வாரம். இந்த மாத்திரைக்கே கணிசமானவர்கள் குணமாகிறார்கள். இவருக்கு எண்ணிக்கை 54-இல் நின்றது. அடுத்தது ஸ்டீராய்டு வகை மருந்தான புடெசனைடு. கெட்டியான திரவமாகக் கலந்து விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். மருந்து குழாயின் சுவரில் படிந்து கிடக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். பன்னிரண்டு வாரத்தில் எண்ணிக்கை 5. தொடர்ந்து எடுக்கச் சொன்னோம். தலையாட்டினார். அப்புறம் பதினோரு மாதம் ஆளைக் காணோம்.

இரண்டாம் வருகை

மனைவி இழுத்துவராமல் வந்திருக்க மாட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன், இவங்களுக்குத்தான் பயம்" என்றார். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து, அந்தப் பயாப்ஸிக்குப் பிறகு இரண்டாவது மாதமே புடெசனைடை நிறுத்தியிருக்கிறார். பதிலாக, யாரோ ஒருவர் சொன்னார் என்று கஞ்சாச் செடிச் சாற்றில் செய்த எண்ணெய்: இரவும் காலையும் நாக்கடியில் சில சொட்டுகள். சீட்டில், கஞ்சாவின் இரண்டு முக்கிய வேதிப்பொருள்களில் போதை தராத சிபிடி அதிகம், போதை தரும் டிஎச்சி கொஞ்சம் என்று போட்டிருந்தது. சாப்பிட்ட பிறகு வரும் நெஞ்செரிச்சல் போயே போய்விட்டதாம். தூக்கமும் நன்றாக வருகிறதாம்.

புட்டியை வாங்கிப் பார்த்தேன். மருந்துக் கூறைச் சுமக்கும் எண்ணெய் எள்ளெண்ணெய். உணவு ஒவ்வாமையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது நாக்கடியில் தினமும் எள் இறங்குகிறது என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வாமை நோயாளியிடம் மருந்தின் பெயரைக் கேட்கும்போதே அது எதில் கரைத்தது என்றும் கேட்டுவிட வேண்டும்.

அன்றுதான் பேரியம் மாத்திரை நின்றது. மறுவாரம் எண்டோஸ்கோபியில் பெரியவர்களுக்கான வழக்கமான கருவி, ஏறத்தாழ 9 மி.மீ. தடிமன், நடுவில் உரசிக்கொண்டுதான் போனது. கருவியை வெளியே இழுக்கும்போது உள்தோல் கசங்கிய மெல்லிய தாள் போலக் கிழிந்தது. உள்விட்டம் சுமார் 10 மி.மீ. இயோசினோஃபில் எண்ணிக்கை 80. பயாப்ஸியில் மேல்தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்திருந்தது.

முன்பைவிட மோசமான குழாய், முன்பைவிட நன்றாக உணரும் மனிதர். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

அமைதிக்கு யார் காரணம்

அழற்சி திரும்பியதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தினால் திரும்பும், அவ்வளவுதான். வாயில் கரையும் புடெசனைடு மாத்திரையை வைத்து நடந்த 48 வார ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நான்கில் மூன்று பேர் நோய் அடங்கிய நிலையிலேயே இருந்தார்கள்; போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 4.4 விழுக்காடு மட்டுமே. எண்ணெய் இவருடைய குழாயைக் குறுக்கியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய் விளக்க வேண்டியது வேறொன்றை: இத்தனை நடந்தும் ஏன் இவருக்குத் தெரியவில்லை?

இதற்கு நம் உடம்பே தயாரிக்கும் கஞ்சாப் பொருள்களை, அதாவது கன்னாபினாய்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். டிஎச்சி ஒட்டிக்கொள்ளும் சிபி1 என்ற ஏற்பியின் மரபணுவை 1990-இல் பிரித்தெடுத்தார்கள்; சிபி2 1993-இல். பூட்டு இருந்தால் சாவியும் உடம்பிலேயே இருக்க வேண்டுமே? 1992-இல் ஜெருசலேமில் மெக்கூலமின் குழு பன்றியின் மூளையிலிருந்து முதல் சாவியைக் கண்டெடுத்து அனந்தமைடு என்று பெயர் வைத்தது. ஆனந்தம் என்ற சொல்தான் அது. ஆய்வகத்தில் வைத்த பெயர்களில் எனக்குப் பிடித்தது. அடுத்த சாவியான 2-ஏஜி 1995-இல் கிடைத்தது, அதுவும் நாயின் குடலிலிருந்து. கன்னாபினாய்டு என்றால் மூளைச் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குடலை நினைவூட்டுவது என் வழக்கம். இந்த இரண்டையும் செல்கள் சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும்போது செல்சவ்வின் கொழுப்பிலிருந்து செய்து, வேலை முடிந்ததும் நொதிகளால் சிதைத்துவிடுகின்றன.

சிபி1 அதிகம் இருப்பது நரம்புகளில், குடலையும் உணவுக்குழாயையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு உட்பட. டிஎச்சி இந்த வழியில் உணர்ச்சியை மந்தமாக்குகிறது. இதயத்தில் கோளாறு இல்லாமல் உணவுக்குழாயிலிருந்து வரும் நெஞ்சுவலிக்கு, செயற்கை டிஎச்சியான டிரோனபினாலைக் கொடுத்த ஒரு சிறிய சோதனையில் வலி தொடங்கும் எல்லையே உயர்ந்தது. பலூனை உள்ளே வைத்து ஊதினாலும் முன்பைவிடத் தாமதமாகத்தான் வலித்தது. டிஎச்சி, கீழ்ச்சுருக்குத் தசை அவ்வப்போது தளர்வதையும் குறைக்கிறது. அமிலம் மேலேறுவது குறையும், எரிச்சலும் குறையும். இவருடைய நெஞ்செரிச்சல் போனதற்கு இந்த இரண்டுமே போதும்.

சிபிடி வேறு ரகம். அது சிபி1-ஐயும் சிபி2-ஐயும் அழுத்திப் பிடிப்பதில்லை. மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற வாயிலைத் தட்டித் தட்டி மரத்துப்போகச் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. அனந்தமைடும் அதே வாயிலைத் தட்டக்கூடியதுதான். ஒரே மூலக்கூறு ஒரு கதவில் வலியை அடக்கி, இன்னொரு கதவில் எரிச்சலைக் கிளப்பலாம். இந்த அமைப்பை "நல்லது", "கெட்டது" என்று பிரித்துப் பேசுவது இங்கேயே தடுக்கி விழுகிறது.

சரி, நரம்பு அடங்கியது. செல்கள்?

உணவுப் புரதம் பட்டதும் உணவுக்குழாயின் மேல்தோல் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்று எச்சரிக்கைச் சமிக்ஞைகளை வெளியிடும். அதைக் கேட்டு வரும் இரண்டாம் வகை டி செல்கள் ஐஎல்-13-ஐச் சுரக்கும். ஐஎல்-13 மேல்தோலைத் திருப்பிப் பிடித்து இயோடாக்ஸின்-3 என்ற அழைப்பைச் செய்ய வைக்கும். அந்த அழைப்புக்கு இரத்தத்திலிருந்து இயோசினோஃபில்கள் ஏறிவரும். அமிலம் குறைக்கும் மாத்திரை இந்த இடத்திலும் வேலை செய்கிறது என்பது பலருக்கு ஆச்சரியம். ஒமெப்ரசோல் மேல்தோல் செல்லுக்குள் இயோடாக்ஸின்-3 உற்பத்தியையே குறைக்கிறது, அமிலத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்.

இந்தச் சங்கிலியில் கன்னாபினாய்டு நுழையும் இடம் சிபி2. வெள்ளணுக்களில் இயோசினோஃபில் இதை ஏராளமாகச் சுமக்கிறது. ஆய்வகத்தில் 2-ஏஜி வைத்த பக்கம் மனித இயோசினோஃபில்கள் ஊர்ந்து போகின்றன; சிபி2-ஐ அடைத்தால் போவதில்லை. 2016-இல் ஃப்ரெய் குழு சிபி2-ஐத் தூண்டும் மருந்தைக் கொடுத்தபோது மனித இயோசினோஃபில்கள் மற்ற அழைப்புகளுக்கும் வேகமாக ஓடத் தயாராகின. எலிகளில் மூச்சுக்குழாய் ஒவ்வாமை கூடியது. அழற்சித் திசுவில் ஊறும் 2-ஏஜி, இயோடாக்ஸினுக்குத் துணையாக இன்னொரு அழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. 2007-இல் கார்சக் குழு சிபி1, சிபி2 இரண்டும் இல்லாத எலிகளை வளர்த்துக்கொண்டிருந்தபோது, காதில் அடையாளத்துக்குக் குத்தியிருந்த நிக்கல் வில்லையைச் சுற்றிப் புண் வந்தது. சாதாரண எலிகளுக்கு அப்படி வரவில்லை. துருவிப் பார்த்ததில், தொடு ஒவ்வாமை இந்த எலிகளில் கூடுதலாகவும், அனந்தமைடைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளில் குறைவாகவும் இருந்தது. தோலின் அழற்சிக்கு உடம்பே போடும் கடிவாளம் இது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். உணவுக்குழாயின் உள்தோலும் தோலைப் போலவே பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. இந்த நோயில் ஃபிலாக்ரின் போன்ற காப்புப் புரதங்கள் குறைவதும் எக்சிமா என்ற தோல் அழற்சியை நினைவூட்டுவதுதான். உணவுக்குழாய் தோலைப் போல நடந்தால் கன்னாபினாய்டு கடிவாளம். மூச்சுக்குழாயைப் போல நடந்தால் சாட்டை. என் சாய்வைக் கேட்டால், மேல்தோலில் கடிவாளம், இயோசினோஃபிலில் சாட்டை, இரண்டும் ஒரே திசுவில் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பேன். வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய்க்கு இந்த இரண்டையும் பிரித்தறியும் புத்தி கிடையாது.

ஒவ்வாமையில் ஈடுபடும் இன்னொரு செல்லான மாஸ்ட் செல்லைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. இயோசினோஃபில்கள் போன பிறகும் சிலருக்கு வலி மிஞ்சுவதற்கு இந்தச் செல்கள் ஒரு காரணம். இவற்றை அடக்கும் கொழுப்பு மூலக்கூறு ஒன்று, அனந்தமைடின் பங்காளி: பால்மிட்டாயில்எத்தனோலமைடு. 1993-இல் ரீட்டா லெவி-மொன்டால்சினி குழு இதன் மாஸ்ட் செல் வேலையை எடுத்துச் சொன்னது. இதை 1957-இல் முதலில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? முட்டை மஞ்சள் கரு, சோயா லெசித்தின், நிலக்கடலை. இந்த நோய்க்காரர்களிடம் நாங்கள் நிறுத்தச் சொல்லும் உணவுப் பட்டியலிலும் முட்டை, சோயா, கொட்டைவகை உண்டு. இதிலிருந்து எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்க முடியாது. ஆனாலும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இவருடைய கதைக்கு நேர் தலைகீழான ஒன்றும் நடந்திருக்கிறது. இயோசினோஃபில்களையே ஒழித்துக்கட்டும் பென்ராலிசுமாப் ஊசியை இந்த நோயில் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் 87 விழுக்காட்டினருக்குத் திசுவில் செல்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயின; போலி ஊசியில் 6.5 விழுக்காடு. விழுங்கும் சிரமத்தில் மட்டும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே செல் போயும் தொல்லை போகவில்லை. இங்கே செல் குவிந்தும் தொல்லை தெரியவில்லை. அறிகுறியை மட்டும் வைத்துத் திசுவின் நிலையைக் கணிக்க முடியாது என்று 269 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வும் காட்டியது.

என்ன செய்தோம்

முதலில் எண்ணெயை நிறுத்தச் சொன்னோம். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, எது எண்ணெயால் வந்த அமைதி, எது பழக்கத்தால் வந்த அமைதி என்று பிரித்துப் பார்க்க. இரண்டாவது மருந்துகள் மோதிக்கொள்ளும் விஷயம். சிபிடி கல்லீரலின் சிஒய்பி2சி19, சிஒய்பி3ஏ4 நொதிகளைத் தடுக்கக்கூடியது. வலிப்பு மருந்தான குளோபசாமோடு கொடுக்கும்போது அதன் விளைபொருள் இரத்தத்தில் ஏறுவது நன்கு தெரிந்த சங்கதி. ஒமெப்ரசோலைச் சிதைப்பது முதல் நொதி, புடெசனைடைச் சிதைப்பது இரண்டாவது. விழுங்கும் புடெசனைடு உடம்பு முழுக்கப் பரவாமல் இருப்பதே கல்லீரல் அதை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால்தான். ஸ்டீராய்டுக்குப் பயந்து எண்ணெய்க்குப் போனவர், இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தால் பயந்ததைத் தானே வரவழைத்திருப்பார். இதைச் சொன்னபோது முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிறுத்திய முதல் வாரம் தூக்கம் கெட்டது, எரிந்து விழுந்தார் என்று மனைவி சொன்னார். இரண்டாவது வாரம் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்செரிச்சல் பழையபடி வந்தது. ஆனால் உணவு நிற்பது பற்றிய உணர்வு அவ்வளவாகக் கூடவில்லை. எரிச்சலை அமுக்கியது எண்ணெய், அடைப்பை மறைத்தது பத்து வருடச் சாப்பாட்டுப் பழக்கம் என்று பிரித்துக்கொண்டேன். பேரியம் மாத்திரையின்போது அவருக்கு எதுவும் தெரியாமல் போனதில் இரண்டுக்கும் பங்கு இருக்கலாம்.

புடெசனைடை மீண்டும் தொடங்கி, பன்னிரண்டு வாரத்தில் எண்ணிக்கை 7-க்கு வந்த பிறகுதான் குழாயை விரித்தோம். அழற்சி இருக்கும்போதே விரிப்பதைவிட இது பாதுகாப்பு. மூன்று அமர்வுகளில் 10-இலிருந்து 16 மி.மீ. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் இரண்டு நாள் நெஞ்சுவலி. குழாய் கிழிந்துவிடும் ஆபத்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். நார்த்திசு படிவதற்குக் காலம்தான் எதிரி. சுவிட்சர்லாந்தில் 200 பேரைப் பார்த்த 2013 ஆய்வில், அறிகுறி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் கண்டுபிடித்தவர்களில் 17 விழுக்காட்டினருக்குக் குறுகல் இருந்தது. இருபது வருடம் தாண்டியவர்களில் 71.

ஸ்டீராய்டைக் குறைக்க வழி கேட்டார். டூபிலுமாப் ஊசியைப் பற்றிச் சொன்னேன். ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் வழியையும் அடைப்பது, 2022-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது, வாராவாரம் போட வேண்டும். வாராவாரம் ஊசி என்றதும் முகம் மாறியது. உணவை நிறுத்திப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். ஆறு உணவுகளை நிறுத்துவதற்கும் பாலை மட்டும் நிறுத்துவதற்கும் நடந்த ஒப்பீட்டில், ஆறு வாரத்தில் 40-க்கு 34 விழுக்காடு என்று கிட்டத்தட்டச் சமமாகத்தான் குணமானார்கள். பாலிலிருந்தே தொடங்கினோம். புடெசனைடைப் படிப்படியாக நிறுத்தி, பால் இல்லாமல் எட்டு வாரம் கழித்து எடுத்த பயாப்ஸியில் 3.

பிறகு பாலைத் திரும்பச் சேர்த்தோம். தூண்டுவது பால்தானா என்று உறுதிசெய்ய வேறு வழியில்லை. எட்டு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை என்றார். எண்ணெயும் இல்லை, மெதுவாகச் சாப்பிடும் பழக்கமும் குறைந்திருந்தது. பாதித் தட்டில் உட்கார்ந்திருப்பதில்லை என்று மனைவியே சொன்னார். எனக்கே இந்த முறை பயாப்ஸி தேவையா என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தோம். 41.

பால் நிறுத்தியாயிற்று. அடுத்த பயாப்ஸிக்குத் தேதி கொடுத்திருக்கிறது.